டென்மார்க்: பரிசோதனைக்கு வராதவரைத் தேடிப் போவது யார்?

டென்மார்க்கில் 50 வயது முதல் 74 வயது வரையுள்ள ஒவ்வொருவரின் வீட்டுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு சிறு பொதி வருகிறது. மலத்தில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் குருதி கலந்துள்ளதா எனச் சோதிப்பதற்கான குழாய் அதனுள் இருக்கும். மாதிரியை எடுத்து, கூடவே வரும் உறையில் இட்டு அனுப்பிவிட்டால் போதுமானது. கட்டணம் கிடையாது. வைத்தியரைச் சந்திக்க வேண்டிய தேவையும் இல்லை. குடல் புற்றுநோயை முளையிலேயே கண்டறிவதற்காக 2014 மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட திட்டம் இது.

இத்தனை எளிதாக்கப்பட்ட பின்னரும், அழைக்கப்படும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஆறு பேரே மாதிரியைத் திருப்பி அனுப்புகின்றனர். எஞ்சிய நான்கு பேர் யார் என்பதற்கு அந்நாட்டு ஆய்வாளர்கள் பலமுறை விடை கூறியுள்ளனர். ஆண்கள், தனியாக வாழ்வோர், வருமானம் குறைந்தோர், வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் ஆகியோரே இப்பிரிவில் அதிகம். பரிசோதனையின் தேவை எவருக்குக் கூடுதலோ அவரே அதிலிருந்து விலகி நிற்கிறார் என்பது டென்மார்க் சுகாதாரத் துறையின் நீண்டகாலத் தலைவலியாகும்.

இந்தக் கணக்கு அங்குள்ள தமிழர்களுக்கு இப்போது தனிப்பட்ட முக்கியத்துவம் பெறுகிறது. 1980களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து அகதிகளாக டென்மார்க் சென்றவர்களில் பெரும்பாலானோர் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர்கள். யூலாந்துத் தீபகற்பத்தின் ஹேர்ணிங், ஹொல்ஸ்ரபுரோ, ஸ்ருவர், பிராண்டெ, ஹோர்சன்ஸ், கிரின்ஸ்ரெட் போன்ற சிறு நகரங்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். தொழிற்சாலைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் உழைத்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஹேர்ணிங்கிலும் பிராண்டெயிலும் கோயில்கள் எழுப்பிய அந்தத் தலைமுறை இன்று அறுபதைக் கடந்து நிற்கிறது. குடல் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், நீரிழிவு, இதயநோய் என எந்தப் பரிசோதனையை எடுத்துக்கொண்டாலும் அதன் வயதெல்லைக்குள் அவர்கள் வந்துவிட்டனர்.

தேடி வந்த தாதி

நோய் வருமுன் காப்பதில் டென்மார்க் காட்டிய முதல் அக்கறை கடிதம் மூலமாக அல்ல, ஆள் மூலமாகவே வெளிப்பட்டது. 1930களில் அந்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் அறுபதுக்கும் மேற்பட்டவை ஒரு வயதை எட்டும் முன்பே இறந்தன. இதைத் தடுக்க 1937-இல் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. பயிற்சி பெற்ற சுகாதாரத் தாதி ஒருவர் குழந்தை பிறந்த வீட்டுக்கே சென்று, எடை பார்த்து, பாலூட்டல் பற்றித் தாயுடன் பேசி, நோயின் அறிகுறி தென்பட்டால் வைத்தியரிடம் அனுப்பும் முறை அதன்மூலம் உருவானது. ஏழை வீடு, பணக்கார வீடு என்ற பேதம் அதில் இல்லை. எல்லா வீட்டுக்கும் தாதி செல்வதால், அவர் வாசலில் நிற்பது எவருக்கும் அவமானமாக இருக்கவில்லை. இன்றுவரை நகரசபைகளின் பொறுப்பில் இந்தச் சேவை தொடர்கிறது. டென்மார்க்கில் முதற்குழந்தையைப் பெற்ற தமிழ்த் தாய்மார்களுக்கும், மொழி சரிவரப் புரியாத நாட்களில், அரசின் முகமாக வீட்டுக்குள் வந்தவர் பெரும்பாலும் இந்தத் தாதியே.

முதியோர் விடயத்திலும் இதே வழி சோதித்துப் பார்க்கப்பட்டது. கொப்பன்ஹேகனின் புறநகரான ரொடோவ்ரெயில் 1980-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இத்துறையில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. காஸ்ரன் ஹென்றிக்சன் தலைமையிலான குழுவினர் 75 வயதைத் தாண்டிய 572 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். 285 பேரின் வீடுகளுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சென்று உடல்நிலை, வீட்டு வசதி, தனிமை ஆகியன குறித்துக் கேட்டறிந்தனர். தேவையானவற்றை ஒழுங்குசெய்து கொடுத்தனர். மற்றைய 287 பேருக்கு வழமையான சேவைகள் மட்டுமே கிடைத்தன. மூன்றாண்டு முடிவில், வீடு தேடிச் சென்ற பிரிவில் 219 தடவைகளும் மற்றைய பிரிவில் 271 தடவைகளும் வைத்தியசாலை அனுமதிகள் நிகழ்ந்திருந்தன. இறந்தோர் முறையே 56 மற்றும் 75 பேர். 1984-இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான இந்த முடிவு, விலையுயர்ந்த கருவி எதனையும் சார்ந்திருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கதவைத் தட்டிக் கேட்டதும், கேட்டதைச் செய்து முடித்ததுமே அங்கு நடந்தவை.

இதன் தொடர்ச்சியாக 1996 ஜூலை முதல் 80 வயதைக் கடந்தோருக்கு ஆண்டுக்கு இருமுறை தடுப்பு நோக்கிலான வீட்டு வருகையை வழங்குமாறு நகரசபைகள் சட்டத்தால் கட்டாயப்படுத்தப்பட்டன. 1998-இல் அந்த வயது 75 ஆகக் குறைக்கப்பட்டது. பின்னர் 34 நகரசபைகளில் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வு, வீட்டுக்குச் செல்வோருக்கு முறையான பயிற்சி அளித்தால் முதியோரின் இயங்கும் திறன், குறிப்பாக எண்பது வயதினரிடையே, கூடுதலாகப் பேணப்படுவதைக் காட்டியது. ஆனால் சட்டத்தில் இருந்த கட்டாயம் பின்னைய ஆண்டுகளில் படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. திடகாத்திரமான எழுபத்தைந்து வயதினரைச் சந்திக்கத் தாதியை அனுப்புவது வீண்செலவு என்ற வாதம் நகரசபைகளின் வரவுசெலவுத் திட்ட விவாதங்களில் எளிதில் எடுபட்டது.

எல்லோரையும் அழைத்த ஆய்வு

இதற்கு நேர்மாறான வழியையும் டென்மார்க் பெருமளவில் முயன்று பார்த்துள்ளது. அறிகுறி எதுவும் இல்லாத மக்களைப் பொதுவாக அழைத்து, குருதி அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் அளந்து, ஆலோசனை கூறி அனுப்புவதே அந்த வழி. கொப்பன்ஹேகனின் தென்மேற்குப் புறநகர்களில் 1999-இல் தொடங்கிய இன்ரர்99 ஆய்வு இவ்வகையில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 30 முதல் 60 வயது வரையிலான 59,616 பேர் இதில் கணக்கில் கொள்ளப்பட்டனர். அவர்களில் 11,629 பேர் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். இதயநோய் ஆபத்து அதிகமுள்ளவர்களெனக் கண்டறியப்பட்டோருக்கு ஐந்து ஆண்டுகளில் நான்கு தடவைகள் வரை வாழ்க்கைமுறை ஆலோசனை வழங்கப்பட்டது.

பத்தாண்டு கழித்து, 2014-இல், பேராசிரியர் ரோர்பன் யோர்கன்சன் குழுவினர் வெளியிட்ட முடிவு பலருக்கு ஏமாற்றமளித்தது. அழைக்கப்பட்டவர்களுக்கும் அழைக்கப்படாதவர்களுக்கும் இடையில் மாரடைப்பிலோ, பக்கவாதத்திலோ, மரணத்திலோ வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. அழைக்கப்பட்டோரில் ஏறத்தாழ பாதிப் பேரே வந்திருந்தனர் என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2012-இல், கொப்பன்ஹேகனில் இயங்கிய நோர்டிக் கொக்ரேன் மையத்தின் ஆய்வாளர்கள் உலகெங்கும் நடந்த 14 ஆய்வுகளை, அதாவது 182,880 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்துப் பரிசீலித்திருந்தனர். பொதுவான முழு உடற்பரிசோதனைகள் மரணத்தைக் குறைப்பதில்லை என்பது அவர்களது முடிவு. 2019-இல் மேலும் ஆய்வுகளைச் சேர்த்துப் புதுப்பித்தபோதும் அந்த முடிவு மாறவில்லை.

இந்தச் செய்தி தமிழர்களிடம் போய்ச் சேரவேயில்லை என்று கூறலாம். ஐரோப்பாவிலிருந்து விடுமுறைக்குச் சென்னைக்கோ கொழும்புக்கோ போகும் தமிழர்கள், அங்குள்ள தனியார் வைத்தியசாலைகளில் பணம் செலுத்தி முழு உடற்பரிசோதனை செய்துகொள்வது பரவலான வழக்கமாகிவிட்டது. பல பக்கங்கள் கொண்ட அறிக்கையுடன் அவர்கள் திரும்புகின்றனர். அதே வீட்டின் அலமாரியில் குடல் புற்றுநோய்ச் சோதனைக்கான இலவசப் பொதி பிரிக்கப்படாமலே கிடப்பதும் உண்டு. பயன் நிறுவப்படாத பரிசோதனைக்குக் காசும், பயன் நிறுவப்பட்டதற்குக் குப்பைத் தொட்டியும் கிடைக்கும் இந்த நிலை, அறியாமையால் மட்டும் வந்ததல்ல. சென்னையில் தமிழ் பேசும் ஒருவர் உட்காரவைத்து விளக்குகிறார். டென்மார்க்கில் கடிதம் விளக்குகிறது.

ஆயினும் இதைவைத்து எல்லாப் பரிசோதனைகளும் வீண் என்று முடிவு கட்டுவது தவறாகும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை அந்நோயை வெகுவாகக் குறைத்துள்ளது என்பதில் இன்று ஐயமில்லை. மார்பகப் புற்றுநோய் விடயம் சற்றுச் சிக்கலானது. கொப்பன்ஹேகனில் 1991-இல் தொடங்கிய கதிர்ப்படப் பரிசோதனை, அழைக்கப்பட்ட பெண்களிடையே அந்நோயால் ஏற்படும் மரணத்தை 25 விழுக்காடு குறைத்தது என 2005-இல் ஓர் ஆய்வு கூறியது. பரிசோதனை நடந்த பகுதிக்கும் நடக்காத பகுதிக்கும் வேறுபாடே இல்லை என 2010-இல் மற்றோர் டேனிஷ் ஆய்வு மறுத்தது. இரண்டும் ஒரே மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தவை. அறிஞர்களின் அந்தச் சர்ச்சை தீராமலேயே, 2010-க்குள் 50 முதல் 69 வயது வரையிலான பெண்களுக்கான அழைப்பு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

யூலாந்து எனும் ஆய்வுக்கூடம்

தமிழர்கள் செறிந்து வாழும் ஹேர்ணிங், ஹொல்ஸ்ரபுரோ, பிராண்டெ ஆகிய ஊர்கள் மத்திய டென்மார்க் பிராந்தியத்தில் உள்ளன. நோய்த்தடுப்பு ஆய்வுகள் மிகுதியாக நடந்த உலகின் பகுதிகளுள் இதுவும் ஒன்று என்பதை அங்கு வாழும் தமிழர்களில் அறிந்தவர் சிலரே. 65 முதல் 74 வயது வரையிலான 50,156 ஆண்களை வைத்து, வயிற்று நாடி வீக்கம், கால் நாடிகளின் அடைப்பு, உயர் குருதி அழுத்தம் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தேடிய வீவா ஆய்வு இந்தப் பிராந்தியத்தில்தான் நடந்தது. 2017-இல் வெளியான அதன் முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே மொத்த மரணங்கள் 7 விழுக்காடு குறைவாக இருந்தன. எதைத் தேடுவது, எந்த வயதில் தேடுவது, கண்டுபிடித்தபின் உடனே சிகிச்சை தொடங்குவதா என்பவற்றைப் பொறுத்தே பயன் அமைகிறது என்பதற்கு இதனை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

நீரிழிவைப் பொறுத்தவரை ஓகூஸ் பல்கலைக்கழகத்தின் ரோஸ்ரன் லௌரிட்சன் உள்ளிட்டோர் முன்னின்று நடத்திய அடிஷன் ஆய்வு முக்கியமானது. 2001 முதல் 2006 வரை, 181 குடும்ப வைத்திய நிலையங்களில் பதிவுசெய்திருந்த 40 முதல் 69 வயது வரையிலான ஒன்றரை லட்சம் பேரை இது சென்றடைய முயன்றது. முதலில் ஒரு வினாப்பத்திரம் அனுப்பப்பட்டது. விடைகளின்படி ஆபத்து அதிகமுள்ளவர் தாமாகவே வைத்தியரிடம் சென்று குருதிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். மொத்த மக்கள்தொகை அளவில் பார்த்தபோது, பரிசோதனை நடந்த இடங்களுக்கும் நடக்காத இடங்களுக்கும் இடையே இதயநோயிலோ மரணத்திலோ வேறுபாடு இல்லை என 2017-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் நீரிழிவு உள்ளவர்களை மட்டும் தனியாக ஒப்பிட்டபோது, பரிசோதனை நடந்த நிலையங்களில் நோய் கண்டறியப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நீண்டகாலம் வாழ்ந்தனர். கண்டறியப்பட்டவருக்கு நன்மை உண்டு, ஆனால் கண்டறியப்பட வேண்டியவர்களில் பலர் அந்த வினாப்பத்திரத்தை நிரப்பவே இல்லை என்பதுதான் இந்த இரு முடிவுகளையும் இணைத்துப் பார்க்கும்போது தெளிவாவது.

தெற்காசியருக்கு இந்த இடைவெளி மிக ஆபத்தானது. ஐரோப்பியரைவிடப் பத்தாண்டு முன்னதாகவும், மெலிந்த உடலிலும் கூட, நீரிழிவு அவர்களைத் தாக்குகிறது. உடற்பருமன் குறியீடு 25-ஐத் தாண்டினால் அதிக எடை என்பது ஐரோப்பிய வழக்கம். ஆசியர்களுக்கு 23-இலேயே எச்சரிக்கை தேவை என உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004-இல் குறிப்பிட்டது. அண்டை நாடான நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில், றொம்சோஸ் குடியிருப்புப் பகுதியில் 2000-ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு இதன் அளவை உணர்த்துகிறது. 30 முதல் 59 வயது வரையிலான மேற்கத்தியப் பெண்களில் 2.9 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதே வயதுத் தெற்காசியப் பெண்களில் அது 27.5 விழுக்காடு. ஆண்களில் முறையே 5.9 மற்றும் 14.3 விழுக்காடு. அந்தக் குடியிருப்பின் தெற்காசியரில் இலங்கையரும் அடங்குவர்.

ஐரோப்பியரின் உடலை அளவுகோலாகக் கொண்ட வினாப்பத்திரம் ஒன்று, மெலிந்த தோற்றமுடைய நாற்பது வயதுத் தமிழ்ப் பெண்ணை ஆபத்து இல்லாதவர் என்று கடந்துபோகக் கூடும். எதிரே அமர்ந்து பேசும் தாதி அப்படிக் கடந்துபோகும் வாய்ப்புக் குறைவு. தாய்க்கோ தந்தைக்கோ சர்க்கரை வியாதி உண்டா, கர்ப்பகாலத்தில் சர்க்கரை கூடியதா, மூன்று வேளையும் சோறா என்ற மூன்று கேள்விகள் அவருக்குப் போதும்.

தாதியின் இடம் எங்கே?

டென்மார்க்கில் ஒவ்வொருவரும் ஒரு குடும்ப வைத்தியரிடம் பதிவுசெய்யப்பட்டுள்ளனர். வைத்தியர் அரசு ஊழியர் அல்லர். பிராந்தியத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ், பதிவுசெய்த ஒவ்வொரு நோயாளருக்கும் ஒரு தொகையும், செய்யும் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு தொகையும் பெறும் சுயதொழிலாளர் அவர். அவரிடம் சம்பளத்துக்கு அமர்பவரே நிலையத் தாதி. நீரிழிவு நோயாளரின் வருடாந்தப் பரிசோதனை, குருதி அழுத்தக் கண்காணிப்பு, கருப்பை வாய்ச் சோதனைக்கான மாதிரி எடுத்தல், தடுப்பூசி போன்றவற்றை இன்று பெருமளவில் செய்பவர் அவரே. 2018-ஆம் ஆண்டு உடன்படிக்கை, இரண்டாம் வகை நீரிழிவையும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயையும் பெரும்பாலும் குடும்ப வைத்திய நிலையங்களின் பொறுப்பாக்கிய பின்னர் அவரது பங்கு மேலும் விரிந்தது.

சட்டத்தின் கண்ணில் அவர் வைத்தியரின் கைகளாகவே இயங்குகிறார். வைத்தியர் ஒப்படைப்பதையே செய்கிறார், இறுதிப் பொறுப்பும் வைத்தியரையே சாரும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் விளைவு என்னவெனில், நிலையத்துக்கு வருபவரைத் தாதி நன்றாகவே கவனிக்கிறார். வராதவர் குறித்து விசாரிப்பது எவருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை. அதற்கென ஒரு கட்டணக் குறியீடு இல்லாத வரையில், 1,600 பேருக்கு மேல் பதிவுசெய்துள்ள ஒரு வைத்தியர் தமது தாதியைத் தொலைபேசியுடன் அமர்த்தி, குடல் சோதனைப் பொதியைத் திருப்பி அனுப்பாதவர்களை அழைக்கச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது கடினம்.

வீட்டுக்குப் போகும் தாதியோ நகரசபையின் ஊழியர். 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நிர்வாகச் சீர்திருத்தம் 271 நகரசபைகளை 98 ஆகக் குறைத்து, வைத்தியசாலைகளையும் குடும்ப வைத்தியர்களையும் ஐந்து பிராந்தியங்களிடமும், நோய்த்தடுப்பின் முக்கிய பங்கை நகரசபைகளிடமும் கொடுத்தது. அழைப்பை அனுப்புவது பிராந்தியம். மாதிரி எடுப்பது வைத்தியரின் தாதி. முதியவரின் வீட்டுக் கதவைத் தட்டுவது நகரசபையின் தாதி. அவருக்கு அந்த வீட்டில் உள்ளவர் பரிசோதனைக்குப் போனாரா என்பது தெரியாது.

மொழி இந்த இடைவெளியை மேலும் அகலமாக்குகிறது. 2014 நவம்பர் முதல் அரசுக் கடிதங்கள், விலக்குப் பெற்றவர்கள் தவிர அனைவருக்கும், இணையவழித் தபால் பெட்டிக்கே வருகின்றன. அந்தப் பெட்டியைப் பல முதியோருக்காகத் திறந்து பார்ப்பது பிள்ளைகள். வரி, ஓய்வூதியம் பற்றிய கடிதங்கள் உடனே படித்துக் காட்டப்படுகின்றன. கருப்பை வாய்ச் சோதனைக்கான அழைப்பைத் தாயிடம் படித்துக்காட்டி விளக்கும் மகன்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை. 2018 ஜூலையில், மூன்று ஆண்டுகளுக்கு மேல் டென்மார்க்கில் வாழ்ந்தோர் வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் அதற்குத் தாமே பணம் செலுத்த வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. முப்பது ஆண்டுகள் வேலை செய்து வரி கட்டியவர், கடை வீதியில் தேவைப்படும் அளவுக்கு டேனிஷ் பேசுவார். உடம்பின் உள்ளுறுப்புகளைப் பற்றி, அதுவும் அந்நியரிடம், பேசுவதற்கான மொழி அவரிடம் இருப்பதில்லை. சேமிக்கப்பட்ட பணம் எவ்வளவாயினும், அந்த விதி தடுப்புச் சுகாதாரத்துக்கு எதிர்த்திசையில் எடுத்துவைக்கப்பட்ட அடியாகும்.

அரசுக் கடிதத்தின் மீது அந்தத் தலைமுறைக்கு உள்ள தயக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1987 முதல் 1989 வரை, நீதியமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சனின் உத்தரவின்பேரில் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்கள் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடப்பட்டன. அந்த விவகாரமே 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசைக் கவிழ்த்தது. 1995-இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. நீதி கிடைத்தது உண்மையே. எனினும் பதிலுக்காகக் காத்திருந்த ஆண்டுகளை மறந்துவிடாத மனிதர்களே இன்று பரிசோதனை வயதை அடைந்திருக்கின்றனர்.

பேச்சினால் வென்றது

நம்பிக்கை எப்படி உடைகிறது, எப்படி மீள்கிறது என்பதற்கு டேனிஷ் சமூகத்தினுள்ளேயே அண்மைக்கால உதாரணம் உள்ளது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2009 முதல் 12 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டு, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் அதைப் பெற்று வந்தனர். 2015 மார்ச்சில் ஒளிபரப்பான தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று, தடுப்பூசிக்குப் பின் நோயுற்றதாகக் கூறிய சிறுமிகளைக் காட்டியது. தடுப்பூசி பெறுவோர் விகிதம் பாதிக்கும் கீழே சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய மருந்து முகவரகம், காரணத் தொடர்புக்கு ஆதாரம் இல்லை என அறிவித்த பின்னரும் தாய்மார்களின் தயக்கம் நீங்கவில்லை.

2017-இல் சுகாதார ஆணையமும் புற்றுநோய்ச் சங்கமும் மருத்துவர் சங்கமும் இணைந்து புதிய பிரசாரத்தைத் தொடங்கின. புள்ளிவிபரங்களை அடுக்குவதை விட்டு, தாய்மாரின் கேள்விகளுக்குச் சமூக ஊடகங்களில் ஒவ்வொன்றாகப் பதில் கூறுவதும், அந்நோயிலிருந்து மீண்ட பெண்களைப் பேச வைப்பதும் அதன் வழிமுறையாக இருந்தன. ஊசி போடும் அறையில் தாயின் அச்சத்தைக் கேட்டுப் பதில் கூறும் வேலை வைத்தியரிடமும் அவரது தாதியிடமும் விடப்பட்டிருந்தது. விகிதம் மீண்டும் உயர்ந்தது. 2019 முதல் சிறுவர்களுக்கும் தடுப்பூசி விரிவுபடுத்தப்பட்டது.

வராதவரின் பக்கம் ஓரடி நகர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் மத்திய டென்மார்க் பிராந்தியம் அளந்து பார்த்திருக்கிறது. கருப்பை வாய்ச் சோதனைக்கான அழைப்புகளுக்குப் பதிலளிக்காத 9,791 பெண்கள் மூன்று பிரிவுகளாக்கப்பட்டனர். இன்னொரு நினைவூட்டல் கடிதம் மட்டும் பெற்றவர்களில் 25 விழுக்காட்டினர் சோதனைக்கு வந்தனர். வேண்டுமானால் வீட்டிலேயே மாதிரி எடுக்கும் கருவியைக் கேட்டுப் பெறலாம் எனக் கூறப்பட்டவர்களில் 31 விழுக்காட்டினரும், கேட்காமலேயே கருவி அனுப்பப்பட்டவர்களில் 38 விழுக்காட்டினரும் பங்கேற்றனர். ஆண் வைத்தியரிடம் செல்லக் கூச்சப்படும் பெண்களுக்கு இது நல்ல வழி. இருந்தும் அந்த மூன்றாவது பிரிவிலும் அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மௌனமாகவே இருந்தனர் என்பது, கருவியாலும் தபாலாலும் எட்டக்கூடிய தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் காட்டுகிறது.

அந்த எல்லைக்கு அப்பால் செல்லும் முறை தமிழர்களுக்குப் புதிதல்ல. 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு, இலங்கையின் கிராமங்களில் வீடு வீடாகச் சென்ற குடும்பநல உத்தியோகத்தர்களே அந்நாட்டின் தாய் சேய் மரணங்கள் குறைந்ததற்கு முக்கிய காரணம். தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே சென்று குருதி அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, தொடர் மாத்திரைகளையும் கொடுக்கின்றனர். அத்திட்டத்தின் தொடர் கண்காணிப்பு எவ்வளவு உறுதியானது என்று கேட்பதற்கு இடமுண்டு. டென்மார்க்கின் ஆய்வகங்களும் பதிவேடுகளும் அங்கு இல்லை. ஆனால் வராதவரின் பெயரும் தெருவும் தெரிந்த ஒருவர் அங்கு இருக்கிறார்.

2027-இல் வரும் மாற்றம்

2024 நவம்பரில் டேனிஷ் அரசு நாடாளுமன்றக் கட்சிகளில் பெரும்பாலானவற்றுடன் செய்துகொண்ட சுகாதாரச் சீர்திருத்த உடன்பாடு, இந்தப் பொறுப்புப் பங்கீட்டை மீண்டும் மாற்றி எழுதுகிறது. 2027 தொடக்கத்தில் பிராந்தியங்கள் ஐந்திலிருந்து நான்காகின்றன. 17 சுகாதார மன்றங்கள் அமைகின்றன. ஏற்கெனவே நோயுள்ளவர்களுக்கான தடுப்புச் சேவைகள் நகரசபைகளிடமிருந்து பிராந்தியங்களுக்கு மாறுகின்றன. 2035-க்குள் குடும்ப வைத்தியர்களின் எண்ணிக்கையை 5,000 ஆக உயர்த்துவது இலக்கு. ஒரு வைத்தியரிடம் எத்தனை பேர் பதியப்படலாம், அவருக்கு எவ்வளவு கொடுப்பது என்பவை நோயாளரின் நோய்ச்சுமையைப் பொறுத்து அமையும் என்றும் கூறப்பட்டுள்ளது.

கடைசியாகக் கூறப்பட்டதே இங்கு மிக முக்கியமானது. நோய்ச்சுமையைக் கணிக்கும் முறை, ஏற்கெனவே வைத்தியசாலைப் பதிவேட்டில் உள்ள நோய்களை மட்டும் எண்ணினால், இன்னும் கண்டறியப்படாத நீரிழிவுடன் வாழும் தமிழரோ துருக்கியரோ கணக்கில் ஆரோக்கியமானவராகவே தோன்றுவார். அவரைப் பதிந்துகொண்ட வைத்தியருக்கு நேரமும் பணமும் குறைவாகவே ஒதுக்கப்படும். நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் தாதியின் மணித்தியாலங்களும் அந்தக் கொடுப்பனவுக்குள் இடம்பெறுமா என்பது, உடன்பாட்டின் தலைப்புகளைவிட, அதன் கட்டண அட்டவணைகளிலேயே தீர்மானிக்கப்படும்.

நோய் இல்லாதோருக்கான பொதுத் தடுப்புப் பணி நகரசபைகளிடமே இருக்கும். ஹேர்ணிங்கிலும் ஹொல்ஸ்ரபுரோவிலும் கோயில் திருவிழாக்களுக்கும் தமிழ்ப் பாடசாலை விழாக்களுக்கும் நூற்றுக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடுகின்றனர். டென்மார்க்கில் பிறந்து, அந்நாட்டிலேயே தாதியராகவும் வைத்தியராகவும் பயிற்சி பெற்ற தமிழ்ப் பெண்கள் இன்று பலர் உள்ளனர். 1980களில் அவர்களது தாய்மாரின் வீட்டுக்கு எடைத்தராசுடன் வந்த தாதியின் வேலையை, தாய்மொழியில், அதே நகரசபையின் சம்பளத்தில் செய்யக்கூடியவர்கள் அவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த வேலை கொடுக்கப்படும் என்பது வருங்கால நகரசபை வரவுசெலவுத் திட்டங்களைப் பொறுத்தது.